காட்டுக்கு ஒரே ஒரு கிணற்று மூடி

ஒரு காட்டில் ஓர் அழுங்கு வாழ்ந்து வந்தாள். காடு என்று சொல்வது வெறும் பழக்கம். அந்த இடத்தை வார்டுகளாகப் பிரித்து, மரத்துக்கு மரம் எண்பலகை அடித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் 'ஒரு வார்டில் ஓர் அழுங்கு வாழ்ந்து வந்தாள்' என்று தொடங்கினால் குழந்தைகள் எழுந்து போய்விடுவார்கள். பெரியவர்கள் வீட்டுவரி ரசீதைத் தேடக் கிளம்புவார்கள். ஆகவே காடு என்றே இருக்கட்டும்.

அழுங்கைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். உடம்பெல்லாம் செதில். நீண்ட மூக்கு, அதைவிட நீண்ட நாக்கு, பல் கிடையாது. எறும்பும் கரையானும்தான் சாப்பாடு. யாராவது மிரட்டினால் சுருண்டு பந்தாகிவிடும். அதற்குப் பிறகு புலியே வந்து உருட்டினாலும் பிரியாது. இந்தக் குணங்கள் பொதுவாழ்வுக்கு எவ்வளவு பொருத்தமானவை என்று யாரும் முன்கூட்டி யோசித்துப் பார்க்கவில்லை. பதினொன்றாம் வார்டு அந்த முறை செதில் உள்ள பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வார்டில் அப்படி இரண்டு பேர்தான். ஒருத்தி கெண்டை மீன். குளத்தை விட்டு வந்து வேட்புமனு கொடுக்க முடியவில்லை. இன்னொருத்தி அழுங்கு வேதவல்லி. போட்டியின்றி மெம்பர் ஆனாள்.

வேதவல்லி கல்லூரியில் இலக்கியம் படித்தவள். தனக்கு நிர்வாகம் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் வாக்கியம் அமைப்பது. அதனால் மாதம் பிறந்ததும் வார்டு மக்களுக்கு ஒரு மடல் எழுதி குரூப்பில் போடுவாள். பாதுகாப்பு, நலத்திட்டங்கள் எல்லாம் அதில் இருக்கும். இப்படி:

'தவளைகளுக்கான தற்காப்புப் பயிற்சி இனிதே முடிந்தது. பயிற்சியளித்தவர் சாரைப்பாம்பு அவர்கள். தொடக்க விழாவில் இருந்த கூட்டம் நிறைவு விழாவில் இல்லை என்றாலும், எஞ்சியவர்கள் மிகுந்த கவனத்துடன் இருந்தார்கள். தெருவிளக்குக் கேட்டு எழுதியிருக்கிறோம். ஒப்புதல் வரும்வரை மின்மினிகள் முறைவைத்துக் கிளையில் உட்காரச் சம்மதித்திருக்கின்றன. அந்தச் சிறிய வெளிச்சத்தில் நம்முடைய இருட்டு எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.'

மடல் முழுதாகப் போய்ச் சேருவதற்குள் முயல் கோமளாவிடமிருந்து பதில் வந்துவிடும். 'அருமை மேடம்.' அப்புறம் கைகூப்பும் படங்கள், பூங்கொத்துகள். கோமளா ஒரு வரிகூடப் படித்ததில்லை என்று வேதவல்லிக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் அந்த 'அருமை'க்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். படித்த பிராணிகளின் பலவீனம் அது. படிக்காத பிராணிகளுக்கு வேறு வேலை இருக்கிறது.

வார்டில் ஒரு கருங்காலி மரம். அதன் அடியில் ஒரு பாழுங்கிணறு. கைப்பிடிச் சுவர் என்றைக்கோ இடிந்துவிட்டது. விளிம்பு வரை புல் வளர்ந்து, கிணறு எங்கே தொடங்குகிறது என்று கிணற்றுக்கே தெரியாமல் கிடந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் பவுனு என்ற காட்டுக்கோழியின் வீடு. இந்தப் பக்கம் கரையான் நிறைந்த மேடு. பவுனுவின் குஞ்சுகள் சாப்பிடப் போவதும் வருவதும் கிணற்றோரமாகத்தான்.

குறைதீர் நாளன்று பவுனு அலுவலகத்துக்கு வந்தாள். அலுவலகம் என்பது ஒரு பழைய புற்று. முன்பு அதில் குடியிருந்தவர்களை மெம்பரே சாப்பிட்டுக் காலி செய்திருந்தாள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் கிளார்க் தணிகாசலம். அவர் மரநாய். மரநாய்க்குக் கோழிக்குஞ்சு என்றால் உயிர். ஆனால் 'அலுவலக நேரத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது' என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது. அதனால் பவுனு எப்போதும் காலையிலேயே வந்து, ஐந்து மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்னால் போய்விடுவாள்.

"குஞ்சுங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. நேர்ல பாத்தா மனு வேகமா நகரும்" என்றார் தணிகாசலம்.

"நீங்க பாத்த வரைக்கும் போதும்" என்றாள் பவுனு. பிறகு உள்ளே பார்த்துச் சொன்னாள்: "மெம்பரம்மா, அந்தக் கருங்காலி மரத்தடிக் கிணறு இன்னும் வாயைப் பொளந்துக்கிட்டுத்தான் கிடக்கு. போன வாரம் ஒரு குஞ்சு உள்ள போயிருச்சு. நல்லவேளை, ஒரு வேர் தாங்கிக்கிச்சு. நான் எறங்கித் தூக்கிட்டு வந்தேன். எப்பவும் வேர் தாங்குமா?"

"கேக்கவே ரொம்ப வருத்தமா இருக்கு பவுனு."

"வருத்தப்படச் சொல்லி வரலீங்க. மூடி போடச் சொல்லி வந்திருக்கேன்."

தணிகாசலம் பேனாவை எடுத்தார். "கிணறு வனத்துறையோடதா, வருவாய்த்துறையோடதா, இல்ல நம்மளோடதான்னு முதல்ல பாக்கணும்ங்க."

"விழுறது என் குஞ்சு. அது யாரோடதுங்கறதுல சந்தேகமே இல்ல."

"சரி, கோவப்படாதீங்க. குஞ்சுங்களுக்கு இறக்கை எப்ப முளைக்கும்?"

"மழைக்கு முன்னால முளைச்சிரும்."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. "அப்பப் பிரச்சினையே இல்லையே. பறக்க ஆரம்பிச்சதும் மனு தானா முடிஞ்சிரும்."

"அதுவரைக்கும்?"

இருவரும் மெம்பரைப் பார்த்தார்கள். நாற்காலியில் ஒரு பந்து இருந்தது.

"மேடம் ஆலோசனையில இருக்காங்க" என்றார் தணிகாசலம்.

பவுனு தரையை இரண்டு முறை காலால் கீறிவிட்டுப் போனாள். அவள் போன பிறகும் பந்து நெடுநேரம் பிரியவில்லை. உள்ளே வேதவல்லி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். குஞ்சு வேரில் தொங்கிய காட்சி அவளை விடவில்லை. அதை ஒரு வாக்கியமாக எழுதிப் பார்த்தாள். நன்றாக வந்தது. நன்றாக வந்ததே என்று வெட்கப்பட்டாள்.

மறுநாள் தணிகாசலம் நல்ல செய்தியோடு வந்தார். "மேடம், மூடிக்குச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை வருது."

அந்தக் காட்டில் பாழுங்கிணறு இல்லாத வார்டே இல்லை. மூடி மட்டும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கனமான இரும்புக் கம்பி வலை, நல்ல பச்சைப் பெயிண்ட். முறைவைத்து ஒவ்வொரு வார்டுக்கும் அது போகும். கிணற்றின்மேல் வைப்பார்கள், ரிப்பன் வெட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். பிறகு காட்டெருமை சின்னராசு அதை முதுகில் ஏற்றிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போவான். மேலிடத்துக் கோப்புகளில் எல்லாக் கிணறுகளும் மூடியிருந்தன. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்ததை ஒருவரும் கவனித்ததில்லை. கவனிப்பதற்கு ஒரு பதவி இருந்தது, அது காலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூடி வந்தது. மெம்பருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குஞ்சுகளை வரிசையாக மூடியின்மேல் நிற்கவைத்தார்கள். குஞ்சுகளுக்கு ஒரே சந்தோஷம். கம்பி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, தங்களை விழுங்க வந்த இருட்டுக்கு அழகு காட்டின. படம் எடுத்து முடிந்தது. சின்னராசு முதுகைத் தாழ்த்தினான்.

"ஏங்க, ஏங்க! மூடி போகுதே!" என்று பவுனு இறக்கையை அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"மூடி வந்துச்சா இல்லையா?" என்று தணிகாசலம் கேட்டார்.

"வந்துச்சு."

"வச்சமா இல்லையா?"

"வச்சீங்க."

"அப்புறம் என்னம்மா? பன்னெண்டாம் வார்டுல குஞ்சுங்க இல்லையா?"

"எனக்கு ஒண்ணும் புடிக்கலைக்கா" என்றான் சின்னராசு, பவுனுவின் முகத்தைப் பார்க்காமல். "ஏத்து எறக்குன்னு சொன்னா ஏத்தி எறக்குறேன். முதுகுதான் என்னுது, மூடி என்னுதில்ல."

பவுனு மெம்பரைத் தேடினாள். பொன்னாடைக்குள் ஒரு பந்து இருந்தது.

அன்று மாலை வேதவல்லி மடல் எழுத உட்கார்ந்தாள். 'கிணறு மூடப்பட்டது' என்று எழுதினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதை அடித்துவிட்டு, 'கருங்காலி மரத்தடியில் நெடுங்காலம் விழித்திருந்த கிணறு கண்ணயர்ந்தது' என்று எழுதினாள். இது பொய் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கண்ணயர்ந்தது என்றால் எப்போது வேண்டுமானாலும் விழித்துக்கொள்ளலாம். அலங்காரம் எவ்வளவு வசதியானது என்று நினைத்துக் கொஞ்சம் சிரித்தாள். கொஞ்சம் அழவும் செய்தாள். அழுகை வாக்கியத்தைப் பாதிக்கவில்லை.

'அருமை மேடம்' என்றாள் கோமளா.

அதோடு கருங்காலி மரத்தில் ஒரு பிளெக்ஸ் கட்டினார்கள். மெம்பரின் முகம் ஓர் எருமை அகலத்துக்கு. கைகள் கூப்பியிருந்தன. கீழே 'பாதுகாப்பில் தலைநிமிரும் பதினொன்றாம் வார்டு' என்ற எழுத்து.

பவுனு அந்த பிளெக்ஸை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மரத்தில் ஏறி, நான்கு மூலைக் கயிற்றையும் கொத்தி அறுத்தாள். இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றின்மேல் விரித்தாள். சுற்றிலும் கல் வைத்தாள். துணிதானே, தாங்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் குஞ்சுகளைக் கூட்டி வைத்துச் சொன்னாள்:

"இங்க பாருங்க. இது யாரு?"

"மெம்பரம்மா."

"பெரியவங்க முகத்தை மிதிக்கலாமா?"

"மிதிக்கக் கூடாது."

"கால் பட்டா?"

"கண்ணு ரெண்டும் அவிஞ்சு போயிரும்."

கடைசியில் வந்தது அவள் சொல்லிக்கொடுக்காதது. ஆனாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அன்றிலிருந்து குஞ்சுகள் கூப்பிய கைகளைச் சுற்றிக்கொண்டு, ஒதுங்கி ஒதுங்கி நடந்தன. ஒன்றுகூடக் கிட்டே போகவில்லை. பதினொன்றாம் வார்டில் உண்மையாகவே வேலை செய்த ஒரே பாதுகாப்புத் திட்டம் அதுதான். அதற்கு ஒப்புதல் வாங்கப்படவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, வெயில் தாழ்ந்த நேரத்தில், வேதவல்லி தனியாகக் கிணற்றுப் பக்கம் வந்தாள். எதற்கு வந்தாள் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. கண்ணயர்ந்த கிணற்றை ஒரு முறை பார்க்கலாம் என்று இருக்கலாம். வந்து பார்த்தால் மரத்தில் பிளெக்ஸ் இல்லை. தன் முகம் தரையில் மல்லாந்து வானத்தைப் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டு கிடந்தது. நெற்றியில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது.

அதைத் தட்டிவிடலாம் என்று தோன்றியது. அடியில்தான் கிணறு என்பது தோன்றவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த முகத்தைச் சுற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் தன் முகத்தைத் தானே மிதிப்பதில் மரியாதைக் குறைவு என்ன இருக்கிறது? வேதவல்லி தாடையில் கால் வைத்தாள். மூக்கு வரை போனாள். அதற்கு மேல் முகம் தாங்கவில்லை.

விழும்போதே சுருண்டுவிட்டாள். செதில்கள் சுவரில் தடதடவென்று மோதின, அடியில் சேறு. எலும்பு ஒன்றும் முறியவில்லை. மேலே பார்த்தாள். கிழிந்த பிளெக்ஸில், சரியாக வாய் இருந்த இடத்தில், ஒரு துண்டு வானம் தெரிந்தது.

கத்திப் பார்த்தாள். யாரும் வரவில்லை. போனை எடுத்தாள், கழுத்தில் மாட்டியிருந்ததால் தப்பியிருந்தது. குரூப்பில் எழுதினாள்: 'நான் கிணற்றுக்குள் விழுந்துவிட்டேன். காப்பாற்றுங்கள்.'

'அருமை மேடம்' என்று உடனே வந்தது.

'ஆழமான வரிகள்' என்றது இன்னொரு பதில்.

'ரெண்டே வரியில மொத்த வாழ்க்கையையும் சொல்லிட்டீங்க.'

'இது உவமை இல்லை. உண்மையிலேயே விழுந்துவிட்டேன்' என்று எழுதினாள்.

'அடடா! அந்தக் கடைசித் திருப்பம்!' என்று எழுதி ஒருவர் பூங்கொத்து அனுப்பினார்.

இத்தனை மாதமாகத் தான் எழுதி எழுதி அவர்களை எப்படிப் பழக்கியிருக்கிறோம் என்பது அந்தச் சேற்றில் உட்கார்ந்திருந்தபோதுதான் வேதவல்லிக்குப் புரிந்தது. வாசகர்களைத் தயார் செய்வதில் அவள் முழு வெற்றி பெற்றிருந்தாள். தணிகாசலத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், எங்க இருக்கீங்க?"

"கருங்காலி மரத்தடிக் கிணத்துக்குள்ள."

"எந்தக் கிணறு மேடம்? நாம மூடின கிணறா?"

"அதேதான்."

"மூடின கிணத்துக்குள்ள விழ முடியாதே மேடம்."

"தணிகாசலம், நான் விழுந்திருக்கேன்."

"நீங்க சொல்றது சரிதான் மேடம். ஆனா மீட்புக்கு ஆள் கூப்பிட்டா, திறந்த கிணறுன்னு எழுதிக் குடுக்கணும். எழுதினா அந்தப் போட்டோ என்னான்னு கேப்பாங்க. அப்புறம் எல்லா வார்டு போட்டோவும் வெளிய வரும். சின்னராசு வேலை போயிரும். பாவம், முதுகு வலிக்காரன்." அவர் யோசித்தார். "ஒண்ணு பண்றேன். ஆய்வுன்னு போட்டுடறேன்."

சிறிது நேரத்தில் குரூப்பில் வந்தது: 'பதினொன்றாம் வார்டு மெம்பர் கிணற்றுக்குள் இறங்கி நேரடி ஆய்வு. பொதுமக்கள் பாராட்டு.'

வேதவல்லி போனைக் கழுத்தில் தொங்கவிட்டு, பசியெடுத்ததால் சுவரை முகர்ந்தாள். ஒரு கல்லுக்குப் பின்னால் கரையான். கல்லை அசைத்ததும் எளிதாக வந்துவிட்டது. பின்னால் மெத்தென்ற மண். அழுங்குகளுக்கு மண் தோண்டுவது மூச்சு விடுவது மாதிரி. இரண்டு நாளில் வெளியே போய்விடலாம் என்று நகங்கள் சொல்லின. காலையில் தொடங்கலாம் என்று படுத்தாள்.

காலையில் மேலேயிருந்து குரல் வந்தது.

"மெம்பரம்மா? நீங்களா உள்ள?"

"நான்தான் பவுனு."

"ஆய்வுன்னு போட்டிருந்தாங்களே."

"விழுந்துட்டேன்."

"அடி பட்டுச்சா?"

"சுருண்டுட்டேன். எனக்கு ஒழுங்கா வர்றது அது ஒண்ணுதான்."

பவுனு சிரிப்பை அடக்கிக்கொண்டது கீழே கேட்டது.

"ஏன் பவுனு, என் முகத்தை எதுக்கு இங்க விரிச்சே?"

"மூடி கேட்டேன், முகம்தானே குடுத்தீங்க. இருக்கிறத வச்சு மூடினேன். குஞ்சுங்க ஒண்ணும் மிதிக்கல. நீங்கதான் வந்து மிதிச்சிட்டீங்க."

அந்த நேரத்தில் கிழிசலைச் சுற்றிச் சின்னச் சின்னத் தலைகள் முளைத்தன. மெம்பரம்மாவின் முகம் கிழிந்துவிட்டது. இனி மிதித்தால் கண் அவியாது போலிருக்கிறது என்று குஞ்சுகள் முடிவு செய்திருந்தன. ஒன்று மூக்கின்மேல் ஏறி நின்றது. விளிம்பு மண் சரிந்து வேதவல்லியின் கண்ணில் விழுந்தது.

"தள்ளுங்க!" என்று அவள் கத்தினாள். "பவுனு, எல்லாத்தையும் பின்னால இழு! போங்க, போங்க!"

குஞ்சுகள் சிதறி ஓடின. மெம்பர் ஆனதிலிருந்து அவள் போட்ட முதல் உத்தரவு அதுதான். உடனே நிறைவேறியும்விட்டது. அன்று குஞ்சைத் தாங்கிய வேர் இருந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவள் விழுந்தபோது அது ஒடிந்திருந்தது.

"சின்னராசுவக் கூப்பிட்டுக் கயிறு போடச் சொல்லட்டுங்களா?" என்று பவுனு கேட்டாள்.

"சொல்லேன்."

"மெம்பரம்மா, ஒண்ணு கேக்கறேன். நீங்க மேல வந்துட்டா மூடி வருமா?"

வேதவல்லி வாக்கியம் தேடினாள். அழகானதாகவே பல வந்தன. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, "வராது" என்றாள்.

அப்போது மேலே சத்தம் கேட்டது. தணிகாசலம் ஆட்களோடு வந்துகொண்டிருந்தார். மூங்கில் தடுப்பு, சிவப்புத் துணி, ஒரு நாற்காலி, டியூப்லைட். "அங்க கட்டுப்பா. மேடம் ஆய்வு பண்ற இடம், யாரும் கிட்ட வரக் கூடாது. குஞ்சுங்களா, தள்ளி நில்லுங்க. மேல இருந்து யாராச்சும் விழுந்து மேடத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். மேடம், கேக்குதா? உங்க பாதுகாப்புக்கு மூடி கேட்டு எழுதியிருக்கேன். மெம்பர் உசுரு சம்பந்தப்பட்டதுன்னு போட்டேன், உடனே குடுத்துட்டாங்க. சின்னராசு கிளம்பிட்டான்."

கிணற்றின் அடியில் இருந்தவளும் விளிம்பில் நின்றவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க உள்ளயே இருந்தா வரும் போல" என்றாள் பவுனு மெதுவாக.

"போலத்தான்."

"கயிறு?"

வேதவல்லி திரும்பி, பெயர்த்து வைத்த கல்லை எடுத்துப் பழைய இடத்தில் செருகினாள். "கயிறு வேணாம் பவுனு. குஞ்சுங்களுக்கு இறக்கை முளைச்சதும் சொல்லு."

மூடி வந்தது. வைத்தார்கள். அன்று ரிப்பன் இல்லை, படமும் இல்லை. சாயங்காலம் சின்னராசு முதுகைத் தாழ்த்தவில்லை. மறுநாளும் தாழ்த்தவில்லை. மூடி இருந்த இடத்திலேயே இருந்தது.

கிணற்று வாழ்க்கை அவ்வளவு மோசமில்லை. சுவர் முழுக்கக் கரையான். கேள்வி கேட்க யாரும் வராததால் சுருள வேண்டிய தேவையும் இல்லை. பகலில் கம்பிகளின் நிழல் கட்டம் கட்டமாகச் சேற்றில் விழும். அதன்மேல் சின்னக் கால்களின் நிழல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். குஞ்சுகள் மூடியின்மேல் பாண்டி விளையாடின. தலைக்கு மேலே அந்தத் தடதடச் சத்தம் கேட்டால்தான் வேதவல்லிக்குச் சாப்பாடு இறங்கியது.

மாதம் பிறந்தது. மடல் எழுத வேண்டும். எழுதினாள்:

'கிணறு மூடப்பட்டிருக்கிறது. குஞ்சுகள் பத்திரமாக இருக்கின்றன. நான் உள்ளே இருக்கிறேன்.'

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். 'அருமை' வரவில்லை. நெடுநேரம் கழித்துக் கோமளா கேட்டாள்: 'மேடம் உடம்புக்கு ஏதும் முடியலையா?'

'முன்ன மாதிரி எழுத்துல உயிர் இல்ல' என்று ஒருவர் வருத்தப்பட்டார்.

'பதவி வந்ததும் மாறிட்டாங்க' என்றார் இன்னொருவர்.

வேதவல்லி அந்த மூன்று வாக்கியங்களைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மூன்றும் உண்மை. மூன்றும் கட்டையாக, ஓசை இல்லாமல், குறைதீர் மனுவில் பவுனு எழுதுகிற மாதிரி இருந்தன. இவ்வளவு மோசமாகத் தன்னால் எழுத முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு காலையில், தடதடச் சத்தம் கேட்கவில்லை. பயந்துபோய் நிமிர்ந்து பார்த்தாள். கட்டம் போட்ட வானத்தில் சின்னச் சின்ன இறக்கைகள் பறந்து போயின.

"மெம்பரம்மா!" பவுனுவின் குரல் எங்கோ உயரத்திலிருந்து வந்தது. "எல்லாம் மரத்துல ஏறி உக்காந்துருச்சு! ஒண்ணும் எறங்க மாட்டேங்குது! நீங்க வரலாம்!"

"ஒரு நன்றி சொல்லக் கூடாதா பவுனு?"

"எதுக்கு? மூடி போட்டதுக்கா, உள்ள விழுந்ததுக்கா?"

"எனக்கும் தெரியல."

"தெரிஞ்சதும் சொல்லுங்க, வந்து சொல்றேன்."

தணிகாசலம் கோப்பை எடுத்து, 'குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்துவிட்டதால் மனு முடித்துவைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எப்படியும் இப்படித்தான் முடியும் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

வேதவல்லி கல்லை அகற்றிவிட்டுத் தோண்டத் தொடங்கினாள். சாய்வாக, மேல்நோக்கி, நிதானமாகத் தோண்டிக்கொண்டே வந்து இலந்தைப் புதருக்கு அருகில் மூக்கை வெளியே நீட்டினாள். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றபோது தூரத்தில் ஒரு பச்சைப் பெயிண்ட் அசைந்து போவது தெரிந்தது. மெம்பர் வெளியே வரப்போகிறாள் என்று கேள்விப்பட்டதுமே சின்னராசுவுக்கு உத்தரவு வந்துவிட்டது. மூங்கில் தடுப்பையும் டியூப்லைட்டையும்கூடக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அருமை மேடம்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். முயல் கோமளா. பழக்கத்தில் சொல்லிவிட்டாளே தவிர, அவள் முகத்தில் அருமை எதுவும் இல்லை. காலைக் கட்டிக்கொண்டு இரண்டு குட்டிகள், தரையில் புதிதாகத் திறந்திருந்த துளையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மேடம், என் பிள்ளைங்க இந்தப் புதரைச் சுத்தித்தான் ஓடி விளையாடும். இந்தக் குழி..."

முயலுக்குக் குழி பயமா என்று கேட்காதீர்கள். இது நேராகக் கிணற்றுச் சேற்றில் போய் முடிகிற குழி.

தணிகாசலம் பேனாவோடு ஓடிவந்தார். "பதறாதீங்கம்மா. குழி வனத்துறையோடதா, வருவாய்த்துறையோடதா, இல்ல..."

"என்னோடது" என்றாள் வேதவல்லி.

தணிகாசலம் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அவருடைய சர்வீஸில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை.

வேதவல்லிக்கு உடம்பு தானாகச் சுருள வந்தது. முதுகு வளைந்தது, தலை நெஞ்சை நோக்கி இறங்கியது. ஒரு குட்டி துளையின் விளிம்புக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தது. வேதவல்லி பெருமூச்சு விட்டு நிமிர்ந்தாள். குட்டியை மூக்கால் தள்ளி அம்மாவிடம் சேர்த்தாள். வெயிலை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, பின்னங்கால் முதலில், தான் தோண்டிய துளைக்குள் இறங்கினாள்.

"மேடம், என்ன பண்றீங்க?" என்று தணிகாசலம் அலறினார்.

"விழுந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "சின்னராசு ரொம்ப தூரம் போறதுக்குள்ள குரல் குடுங்க."

நீதி: மனுப் போட்டு மூடாத கிணறு, மெம்பரைப் போட்டால் மூடும்.